கை எண் 4471

வீட்டு வசதி அலுவலகத்தில் என் கட்டைவிரலை வைத்தபோது, அந்தக் கருவி ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயரைச் சொன்னது.

டார்லா ஹென்ஸ்லி. வயது ஐம்பத்து மூன்று. பெல்ஃபோர்டு, வட கரோலினா. வேலையில் இருப்பவர்.

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வியர்வை காயாத சுடிதாரோடு, தோளில் நூல் துணுக்குகளோடு நின்றிருந்தேன்.

"ஏம்மா, விண்ணப்பத்துல மேகலான்னுதான எழுதியிருக்குது?"

"ஆமாங்க."

"இது டார்லாங்குது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு வார்த்தை வராது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் டார்லா. எல்லா நாட்டுக் கருவிகளையும் ஒரே பதிவேட்டில் இணைத்த பிறகு, உலகத்தின் எந்த மூலையில் விரல் வைத்தாலும் ஒரே பதில்தான்.

"நவம்பர் முப்பது கடைசித் தேதி. அதுக்குள்ள ரேகை விழுந்தாத்தான் சாவி. இல்லீனா அடுத்த பேருக்குப் போயிரும். அடுத்த ஆள் வாங்க."

அப்போது செப்டம்பர் முதல் வாரம்.

அந்த வீட்டை நான் இரண்டு முறை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். நானும் என் மகள் நிலானியும் இருப்பது திருப்பூரில் ஒரு லைன் வீட்டில். பதினான்கு கதவுகள், இரண்டு கக்கூஸ், ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். நிலானி கால் நீட்டிப் படுத்தால் எங்கள் கதவு மூடாது. அவளுக்கு ஒன்பது வயது, வேகமாக உயரமாகிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காக ஏழு வருஷம் காத்திருந்து, என் பெயர் பட்டியலில் மேலே வந்தபோது, என் விரல் என்னுடையதாக இல்லை.

அது எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் தைக்கிற பனியன் கம்பெனியில் எங்கள் லைனில் இருந்த முப்பத்திரண்டு பெண்களையும் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். அலுவலக அதிகாரி நிரஞ்சன் பேசினான். கோயமுத்தூர்ப் பையன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். குரலை உயர்த்தவே மாட்டான். அதனாலேயே அவனிடம் சண்டை போட முடியாது.

"அமெரிக்காவுல சொந்தக் கை சட்டம்னு ஒண்ணு வந்திருக்குக்கா. அங்க மில்லு, ஃபாக்டரி எல்லாம் எப்பவோ மூடிட்டாங்க. மெஷினயெல்லாம் வித்துட்டாங்க. நீங்க உக்காந்து தைக்கிற மெஷினே அங்கிருந்து கப்பல்ல வந்ததுதான். இப்ப ஜனங்களுக்குக் கோவம். எங்க ஊர்க் கை தைச்ச துணிதான் வாங்குவோம்கறாங்க. துணியத் தொட்ட கையோட தோல், தூசி மாதிரி துணில ஒட்டியிருக்கும். கடை வாசல்ல ஒரு கருவி அதைப் படிச்சிரும். அமெரிக்கக் கைன்னா கொடி போட்ட லேபிள். வேற நாட்டுக் கைன்னா மூணு மடங்கு வரி."

எனக்குப் பக்கத்து மெஷின் பாக்கியம் அக்கா கையைத் தூக்கினாள். ஐம்பது வயதுக்காரி. வாயை மூடத் தெரியாது. "அப்ப எங்களையெல்லாம் அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா சார்? எனக்கு இட்லி இல்லாம ஆகாது, இப்பவே சொல்லிப்போட்டேன்."

"இல்லக்கா. அமெரிக்காவ இங்க கொண்டுவந்துட்டோம்."

நிரஞ்சன் ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே கண்ணாடிக் குடுவைகள், வெளுத்த நீர், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கை. கையுறை என்று சொன்னார்கள். ஆனால் அதில் ரேகை இருந்தது, மயிர்க்கால் இருந்தது, மச்சம் இருந்தது. பூண்டுத் தோலைவிடக் கொஞ்சம்தான் கனம். உயிருள்ள தோல். யாரோ ஒரு அமெரிக்கரின் உடம்பிலிருந்து துளி எடுத்து வளர்த்தது.

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அவங்க விருப்பப்பட்டுக் குடுத்ததுதான்க்கா. வேலை போன மில்லுக்காரங்க."

பாக்கியம் அக்கா விடவில்லை. "கை குடுத்தவியளையே தைக்கச் சொல்லலாமுல்ல சார்? அவியளுக்குத்தான் வேலை இல்லீங்கறீங்க."

"அங்க ஒருத்தருக்குக் குடுக்கற சம்பளத்துல இங்க ஒரு லைனையே ஓட்டலாம்க்கா."

"ஓ. கை அவிய கை, கூலி எங்க கூலி." பாக்கியம் அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களாடி?"

கேட்டுக்கொண்டோம். போட்டும் கொண்டோம். போடாதவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை.

எனக்கு வந்தது 4471. முதல்நாள் மாட்டியதும் இடது ஆள்காட்டி விரலின் நுனியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். நகத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டத் தழும்பு. மெஷின் ஊசி விரலுக்குள் இறங்கி, நகத்தைத் துளைத்து, அடியில் வெளியே வந்த தழும்பு. எனக்கு அதே விரலில், அதே இடத்தில் ஒன்று இருக்கிறது. பத்து வருஷம் தைத்த எவளுக்கும் இருக்கும். அவள் தழும்பு என் தழும்பின்மேல் சரியாக உட்கார்ந்தது. பெயர் தெரியாதவள். ஆனால் துணியைத் தள்ளும்போது கண்ணை எடுத்தவள், ரத்தம் பீஸில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டவள்.

தினம் பதினோரு மணி நேரம் போட்டுக்கொண்டு தைத்தோம். மாலையில் கழற்றிக் குடுவைக்குள் போடுவோம். "உன்ற வெள்ளக்காரி இன்னிக்கு எப்படி? கொஞ்சம் வெளுப்பாத் தெரியறாளே, ரத்த சோகையா?" என்று பாக்கியம் அக்கா கேட்பாள். சிரிப்போம். சிரிக்காமல் அதைப் போட முடியாது.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒருநாள் இரண்டு கைகளின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உறை கழன்று வரவில்லை. முதலுதவி அறை நர்ஸ் பார்த்துவிட்டு, "இழுக்காதீங்க. உங்க தோலும் சேந்து வந்திரும். ஒட்டிப்போச்சு" என்றாள். விரல்களைச் சுற்றி வெட்டி, மீதியை மட்டும் எடுத்தாள். அன்றிலிருந்து அந்த விரல்களோடு சமைத்தேன், அந்த விரல்களோடு நிலானிக்குத் தலை வாரினேன்.

வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து திரும்பிய மறுநாள் நிரஞ்சனிடம் போனேன். கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். இந்தப் பெண் எங்கள் தொழிலாளி, விரலில் இருப்பது எங்கள் பொருள். இவ்வளவுதான். போகும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து, அங்கே போய்ப் பாதிதான் சொன்னேன்.

"மேகலாக்கா, நான் என்னன்னு லெட்டர் குடுக்கறது? இந்த பில்டிங்ல நீங்க தைக்கறதே இல்ல. பேப்பர்ல இது குடோன். உங்களுக்கு மூட்டை அடுக்கறதுக்குத்தான் சம்பளம். தைக்கறது பெல்ஃபோர்டுல, டார்லா ஹென்ஸ்லி."

"எனக்கு வீடு போயிருமுங்க."

"புரியுதுக்கா. ரொம்ப வருத்தமா இருக்கு." அவன் முகம் நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அந்த முகத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்து மெஷினில் உட்கார்ந்து, அன்று முழுவதும் தையலை இழுத்து இழுத்து ஓட்டினேன். நாலு ஊசி உடைந்தது.

அந்த மாதக் கடைசியில் டார்லாவின் சட்டை வந்தது.

எங்கள் பிராண்டு அமெரிக்காவில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: துணி கிழிந்தால் அனுப்புங்கள், தைத்த அதே கை திருத்தித் தரும், ஆயுள் முழுக்க இலவசம். அங்கே ஜனங்களுக்கு அதில் பெரிய மகிழ்ச்சியாம். தங்கள் ஊர்க் கை இரண்டாவது முறையும் தொடுகிறது என்று. துணி விமானம் ஏறித் திருப்பூருக்கு வந்து, பதினெட்டே நாளில் திரும்பிப் போகும். 4471 தைத்ததெல்லாம் என் மேசைக்கு வரும்.

ஆண்கள் சட்டை, நீலம். அடிமடிப்பைப் பிரித்துத் தைக்கும்போது உள்ளே ஏதோ தடித்தது. நீளமான துணிப் பட்டை, அதில் கறுப்பு மையில் ஆங்கிலம். ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் ஆங்கிலத்துக்கு அது எட்டவில்லை. போன் உள்ளே கொண்டுவரக் கூடாது. பாக்கியம் அக்கா தன் போனை டிபன் பாக்ஸின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுவருவாள். சாப்பாட்டு நேரத்தில், புளிச்சோற்று மணத்தோடு அது தமிழில் படித்தது.

"என் கைகளைப் போட்டுக்கொண்டிருப்பவளே, நீ யார்? கடையில் இந்தச் சட்டையை எடுத்தேன். திரையில் என் புகைப்படம் வந்தது. இதைத் தைத்தவர் டார்லா என்றது. நான் எட்டு வருஷமாக ஒரு தையல்கூடப் போடவில்லை. வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்டுப் போனால், நீ தினம் பதினோரு மணி நேரம் வேலை செய்கிறாய், பொய் சொல்லாதே என்கிறார்கள். தையல் முடிகிற இடத்தில் நான் இரண்டு முறை பின்னால் ஓட்டுவேன். இதில் மூன்று முறை ஓடியிருக்கிறது. நீ நான் இல்லை. நீ திருடி."

"பாருடா, வாயப் பாரு அவளுக்கு" என்றாள் பாக்கியம் அக்கா.

நான் யாரிடமும் எதிர்த்துப் பேசியவளில்லை. ஆனால் எழுத்தில் எனக்குப் பயமில்லை. லேபிள் துணியில் ஒரு முழம் வெட்டி, பீஸில் குறி போடுகிற பேனாவால் எழுதினேன். போன் அதை ஆங்கிலமாக்கியது, நான் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

"திருடி நான் இல்லை. உன் கையை நீ விற்றாய். நான் அதைப் போட்டுக்கொண்டு பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். உன் விரல் என் விரலில் ஒட்டிவிட்டது. அதனால் என் மகளுக்கு வீடு கிடைக்கவில்லை. மூன்று முறை ஓட்டினால்தான் தையல் பிரியாது. இரண்டு முறை ஓட்டுகிறவள் சோம்பேறி."

அடிமடிப்புக்குள் வைத்துத் தைத்து அனுப்பினேன்.

சட்டை திரும்பி வந்தது. இந்த முறை அவள் கழுத்தோரம் கிழித்திருந்தாள். கத்தரியால் வெட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது.

"மன்னித்துக்கொள். நான் விற்கவில்லை. தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கு என்று சொன்னார்கள். மூடிய மில்லின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் வரிசையில் நின்றோம். நல்ல காரியம் செய்கிறோம் என்று பாட்டுக்கூடப் பாடினோம். இப்போது ஊரெல்லாம் கொடி. உள்ளூர்ச் சாமான் வாங்குங்கள் என்று கடைக்குக் கடை பலகை. உள்ளூரில் யாரும் எதையும் செய்யவில்லை. ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. மில் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே நான் வெளிநாட்டுச் சட்டைதான் வாங்குவேன். நாங்கள் தைத்தது பதினெட்டு டாலர், அது நாலு டாலர். எனக்கு மூன்று பிள்ளைகள். எங்கள் மில்லை மூடியவர்களில் நானும் ஒருத்தி. மெஷின்களை எங்கே அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. என் மெஷினில் பாபின் மூடிக்குப் பக்கத்தில் ஆணியால் ஒரு பூ கீறியிருப்பேன்."

பாக்கியம் அக்கா சோற்றுக் கையோடு எழுந்து தன் மெஷினுக்குப் போனாள். பாபின் மூடிக்குப் பக்கத்தில் அந்தப் பூ இருந்தது. ஐந்து இதழ், ஒன்று கோணல். ஆறு வருஷமாக அதன்மேல் கைவைத்துத் தைத்தவள் அவள்.

"இத்தனை நாளா கம்பெனி மார்க்குன்னு நெனச்சேன்டி" என்றாள். பூ இங்கேதான் இருக்கிறது என்றும், நவம்பர் முப்பதுக்குள் என் ரேகை விழ வேண்டும் என்றும் எழுதி, கழுத்துப் பட்டிக்குள் வைத்துத் தைத்து அனுப்பினேன்.

நவம்பர் மூன்றாம் வாரம் சட்டை மறுபடி வந்தது. இந்த முறை கை மடிப்பில் கிழிசல்.

"யோசித்துவிட்டேன். நாம் ஒருத்தி ஒருத்தியாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே நிமிஷத்தில் இரண்டு பேரும் விரல் வைத்தால்? ஒரே கை உலகத்தின் இரண்டு பக்கத்தில் இருக்க முடியாது. அப்போது விசாரிக்க வேண்டும் அல்லவா? விசாரித்தால் உண்மை வரும். நவம்பர் இருபத்தெட்டு. எனக்குக் காலை ஏழு மணி, உதவித்தொகை அலுவலக வாசலில் ஒரு கருவி இருக்கிறது. உனக்கு மாலை ஐந்தரை. இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

இருபத்தெட்டாம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு மூடும். வரிசையில் என் முறை ஐந்து இருபதுக்கே வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்களை முன்னால் விட்டேன். "ஏம்மா, வெக்கறயா இல்லியா?" என்றார் அலுவலர். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை. வைத்தேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நிற்கவே இல்லை. பிறகு சிவப்பு.

ஒரே கை. இரண்டு இடம். பதிவு நிறுத்தப்பட்டது.

"என்னம்மா பண்ணி வெச்சே?" அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கோ விடிந்துகொண்டிருக்கிற ஓர் ஊரில், குளிரில், ஒருத்தி இதே சிவப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விசாரணை வரும் என்று நினைத்தோம். வந்தது நிரஞ்சன்.

மறுநாள் காலை என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தான். 4471 நிறுத்தப்பட்டதும் அந்த எண் பட்ட பதினோராயிரம் பீஸ் அமெரிக்காவில் கடையிலும் துறைமுகத்திலும் அப்படியே நின்றுபோனதாம்.

"யாரு மேலயும் கோவம் இல்லக்கா. ஒரு பேப்பர்தான்." என் முன்னால் தள்ளினான். "இந்தக் கை பிறந்ததிலிருந்தே உங்களோடதுன்னு எழுதியிருக்கு. அந்தம்மாவோடதுதான் நகல். நீங்க கையெழுத்துப் போட்டா பதிவு உங்க பேருக்கு மாறும். உங்களுக்கு அமெரிக்கத் தொழிலாளர் அட்டை, இருந்த இடத்துலயே. நாளைக்கு முப்பது. வீட்டு ஆபீஸ்ல பேசியாச்சு. சாவி கைக்கு வந்துரும்."

"அவங்களுக்கு என்னாகும்?"

"யாருக்கு?"

"டார்லாவுக்கு."

"அவங்க கை அவங்களோடது இல்லேன்னு ஆகும். அவ்வளவுதான். அவங்க யாரு உங்களுக்கு?"

நான் பேனாவை எடுத்தேன். அதைச் சொல்லாமல் மறைக்க மாட்டேன். எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டேன். நிலானி கால் நீட்டிப் படுப்பதை மனதில் பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் பார்த்தேன். டார்லா எனக்கு யாரும் இல்லை. என்னைத் திருடி என்றவள்.

நிரஞ்சன் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவன் எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, மெதுவாக, அன்பாகச் சொன்னான்:

"யோசிக்காதீங்கக்கா. உங்க கைக்கு என்ன விலை? அந்தத் தோலு மேல இருக்கறதாலதான் இவ்வளவு பேர் தேடறோம்."

பதினாறு வயதில் கைமடியாகச் சேர்ந்தவள் நான். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை மடித்துக் கொடுத்து, நின்று நின்று கால் வீங்கி, பிறகு டெய்லரானவள். பதினெட்டு வருஷம். இந்தத் தோலுக்கு அடியில் இருப்பதுதான் தைத்தது. ஊசி ஏறியதும் இதில்தான். இவர்கள் ஒருத்தியின் தோலைப் பொய் சொல்லி உரித்து, இன்னொருத்தியின் கையை அதற்குள் ஒளித்து, இரண்டையும் வைத்துக் கொடி லேபிள் ஒட்டி விற்றுவிட்டு, எங்கள் இருவரிடமே வந்து யார் திருடி என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

டீயை அந்தப் பேப்பரின்மேல் ஊற்றினேன். முழுவதும். மெதுவாக. எனக்குக் கத்தத் தெரியாது.

முப்பதாம் தேதி போனது. வீடு அடுத்த பெயருக்குப் போனது. அன்று மாலை நிலானி, "நாம எப்பம்மா போறோம்?" என்றாள். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் செய்தது சரி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் சில நாள் தோன்றுவதில்லை.

பத்து நாள் கழித்து நிரஞ்சன் லைனுக்கே வந்தான். முதல் முறையாக அவன் குரல் உயர்ந்திருந்தது. "அந்தம்மாவும் போடல. அவங்களுக்கும் இதே பேப்பர் குடுத்தோம், உங்கள நகல்னு எழுதி. கிழிச்சுட்டாங்க. ரெண்டு பேருக்கும் மண்டைல என்ன இருக்குன்னே தெரியல. யாரும் உரிமை கேக்காத கைன்னு 4471ஐ ரத்து பண்ணிட்டாங்க."

பாக்கியம் அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "அவ நொம்ப நல்லவளா இருக்காளேடி. ரெண்டு முறையே ஓட்டிக்கட்டும், விடு."

ரத்தான கையைப் போட்டுக்கொண்டு தைக்கக் கூடாது. முதலுதவி அறையில் மருந்து ஊற்றி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, உரித்தார்கள். வலித்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. அடியில் என் கட்டைவிரல் இருந்தது. தேய்ந்த சோப்பைப்போல வழவழவென்று. ஒரு கோடுகூட இல்லை.

"திரும்பி வளருங்களா?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"வளந்தாலும் வளரும்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.

வெறுங்கைக்கு எங்கள் கம்பெனியில் ஒரே வேலைதான். திரும்பி வந்த சரக்கில் லேபிளை வெட்டி எடுத்து, இங்கே நடைபாதையில் செகண்ட்ஸ் என்று விற்க அனுப்புவது. ஜனவரியில் அந்தப் பதினோராயிரம் பீஸும் திரும்பி வந்தன. நான் தைத்தவை. முதல் மூட்டையைப் பிரித்தேன். லேபிள் இல்லை. அடுத்த பீஸிலும் இல்லை. அந்த மூட்டையில் ஒன்றிலும் இல்லை. கொடி போட்ட லேபிளை யாரோ முன்பே எடுத்திருந்தார்கள். இழுத்துக் கிழிக்கவில்லை. துணியில் ஒரு நூல்கூட அறுபடாமல், தையலை மட்டும் பிரித்து எடுத்திருந்தார்கள். தைக்கத் தெரிந்தவர்களால் மட்டுமே அப்படி எடுக்க முடியும்.

மூட்டையின் அடியில் அந்த நீலச் சட்டை இருந்தது, அடிமடிப்பில் டார்லாவின் துணிப் பட்டையோடு.

"கடைக் கிடங்கில் வேலை செய்பவள் எங்கள் பழைய லைன்காரி. பதினேழு பேர் போய் உட்கார்ந்து பிரித்தோம். ஒரு மூட்டைதான் முடிந்தது, துரத்திவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை, உன் தையலைப் பிரித்தது. மூன்று முறை ஓட்டித் தொலைத்திருக்கிறாய், பிரிக்கவே முடியவில்லை. இன்னொன்று. கை ரத்தானதால் பதிவேட்டில் எனக்குக் கையே இல்லையாம். கையில்லாதவர்களுக்கான உதவித்தொகை மறுநாளே வந்துவிட்டது. நான் சிரித்தேன். பிறகு சாப்பாட்டு மேசையைக் கோடாலியால் உடைத்தேன். உங்கள் ஊரில் கையில்லாதவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டுப் பார்."

கேட்கப் போனேன். அதே அலுவலர். என்னை மறக்கவில்லை.

"மறுபடியும் என்ன கொண்டாந்தே?"

அவர் என் விண்ணப்ப எண்ணை அடித்தார், நான் வழவழப்பான விரலை வைத்தேன். கருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை எரிந்தது.

மேகலா. திருப்பூர். கைப் பதிவு ரத்து. கைகள் இல்லை.

அலுவலரின் முகம் தெளிந்தது. இவ்வளவு நாள் கழித்து என் விஷயத்தில் அவருக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. "அட, கையில்லாதவங்க ஒதுக்கீட்டுல ஒரு வீடு நாலு வருஷமா சும்மா கெடக்குதும்மா. தரைத்தளம்."

"நாலு வருஷமா ஆரும் வரலீங்களா?"

"வராம என்ன? சாயப்பட்டறை மெஷின்ல கை போனவங்க எத்தனை பேரு வந்தாங்க. ரேகை வெக்கோணும், வெக்க மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கேலி செய்யவில்லை. முகத்தைக் கூர்ந்து பார்த்தேன், கேலி இல்லை.

ஒரு படிவத்தைத் தந்தார். சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். திருப்பூரைச் சேர்ந்த மேகலா ஆகிய எனக்கு இரண்டு கைகளும் இல்லை என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்தார்.

"எழுத்து அழகா இருக்குதும்மா" என்றார்.

பிறகு இழுப்பறையைத் திறந்து, சாவியைத் தேடி எடுத்தார்.

"இந்தா" என்றார். "கைய நீட்டு."

நீட்டினேன்.